அஞ்சலாவுக்கு மருந்து மாற்றிய கதை

ஜெர்மனியில் ஹம் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் அஞ்சலாவைப் பற்றி விசாரித்தால் முதலில் அவளுடைய பக்தியைத்தான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் செபஸ்தியார் சபைக்குப் போகிற பிள்ளை என்பார்கள். மழை பெய்தாலும் போவாள், பனி கொட்டினாலும் போவாள், ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்தால் சைக்கிளில் போவாள். கேவலார் மாதா திருவிழாவுக்கே பிந்தி வந்தவள், சபைக்குப் பிந்தியதில்லை. அவளுடைய புருசன் இராயப்புவும் கேட்டவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லி வந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சபை உண்டு, செபஸ்தியார் உண்டு, வெள்ளிக்கிழமையும் உண்டு. அங்கே போய் அவள் என்ன செய்கிறாள் என்பதை மட்டும் அந்த மனிசன் வாய் திறந்து சொல்வதில்லை. கேட்டவர்கள் செபமாலை சொல்கிறாள் என்று தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே அவள் மேக்னம் ரிவோல்வர் சுட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்காக அவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். முதலில் அஞ்சலாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் மன்னாரில் பேசாலைக்காரி. செபஸ்தியார் என்றால் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. ஹம்முக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலை நிரந்தரமான பிறகு, ஒருநாள் கோயில் வாசலில் ஒரு அறிவித்தலைப் பார்த்தாள். புனித செபஸ்தியார் 'ஷூட்ஸன்' சகோதரர் சபை, புதிய அங்கத்தவர் வரலாம், பெண்களும் வரலாம் என்று இருந்தது. ஷூட்ஸன் என்றால் காப்பாற்றுவது என்று மொழி வகுப்பில் படித்திருந்தாள். காப்பாற்றும் சகோதரர் சபை! அகதியாய் வந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? சுடுகிறவர்களையும் ஜெர்மன்காரர் அதே சொல்லால்தான் சொல்வார்கள் என்பதை வகுப்பில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. அம்பு பட்ட புனிதரையே குறிபார்த்துச் சுடுகிறவர்கள் காவலராக வைத்திருப்பார்கள் என்று அவள் எப்படி நினைப்பாள்?

முதல் வெள்ளிக்கிழமை கைப்பையில் செபமாலையும் கையில் ஒரு தட்டுக் கடலைவடையுமாகப் போய் இறங்கினாள். உள்ளே செபஸ்தியார் சுரூபம் இருந்தது. அதன் கீழே பியர் இருந்தது. பியருக்குப் பக்கத்தில் வரிசையாகத் துப்பாக்கிகள் இருந்தன. திரும்பி ஓடியிருப்பாள், ஆனால் வடைத் தட்டு அதற்குள் கைமாறிவிட்டது. தட்டு அவளுடைய நல்ல தட்டு. அது திரும்பி வரும்வரை காத்திருந்தபோது, பிரிங்க்மான் என்ற பருத்த மனிதர், வடையை மென்றபடி, காற்றுத் துப்பாக்கி ஒன்றை அவள் கையில் வைத்தார்.

ஏன் ஓடினாளில்லை என்பதை விளங்கவேண்டுமென்றால் அஞ்சலாவின் பயத்தைச் சொல்லவேண்டும். அவளுக்குச் சத்தம் ஆகாது. ஊரில் ஷெல் விழுந்த காலத்தில் பதுங்குகுழிக்குள் வளர்ந்த உடம்பு அது. கதவு அடித்துச் சாத்தினால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். ஜெர்மன்காரர் வருசம் முடியும் நாளில் தெருத்தெருவாக வெடி கொளுத்துவார்கள். அஞ்சலா அன்று முழுக்கக் குளியலறைக்குள் இருப்பாள். இராயப்பு கதவின் கீழே துவாயை அடைத்து, தலைமயிர் காயவைக்கிற மெசினைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருப்பார். அந்த மனிசனுக்கு வேறு வைத்தியம் தெரியாது. அது இரைந்துகொண்டிருந்தால் வெளிச்சத்தம் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். இப்படி எத்தனையோ வருசம் ஓடின. ஒரு மெசின் எரிந்தும் போனது.

காற்றுத் துப்பாக்கியைச் சுட்ட அன்று அவளுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. இந்தச் சத்தம் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய விரல் சொல்லாமல் அது வராது. உலகத்தில் சத்தம் அவளிடம் அனுமதி கேட்டது அன்றுதான் முதல் தடவை. அடுத்த வெள்ளியும் போனாள். பிறகு சின்ன ரைபிள், பிறகு பாடம், பரீட்சை, அலுவலகம், அனுமதி என்று ஜெர்மன்காரர் வைத்திருக்கிற எல்லா வாசல்படியும் ஏறி, கடைசியில் மேக்னம் ரிவோல்வரில் வந்து நின்றாள். சபையின் பெண்கள் அணியில் அவளும் ஒருத்தி. போன இரண்டு வருசமும் வருசமுடிவு நாளில் அவள் குளியலறைக்குள் போகவில்லை. சன்னலடியில் நின்று வாணத்தைப் பார்த்தாள். இராயப்பு பழக்கதோசத்தில் மெசினைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

இந்த வருசம் எல்லாம் குழம்பியது. குழப்பம் மணிக்கட்டில் தொடங்கியது. இருபது வருசத்துக்கு மேலாகக் கிழவர் கிழவிகளைத் தூக்கி இருத்திப் படுக்கவைத்த கை. எலும்பு தேய்ந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். அவள் சுட்டுவந்ததோ பிரிங்க்மானுக்குப் பிடித்த முழுப்பலமான மேக்னம். அது சுடும்போது நெருப்பு ஒரு முழத்துக்கு வரும், கை முழங்கைவரை அதிரும். கை நோகத் தொடங்கியதும் உடம்பு உசாராகிவிட்டது. அடி வரப்போகிறது என்று தெரிந்து, விசையை அழுத்த முதலே கண் மூடிக்கொள்ளும், கை துப்பாக்கிக் குழாயைக் கீழே தள்ளிவிடும். குண்டு குறி அட்டையின் கீழ்விளிம்பில் போய் ஏறும்.

பிரிங்க்மான் இதைக் கண்டுபிடிக்க ஒரு சூழ்ச்சி வைத்திருந்தார். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ரிவோல்வரின் ஆறு அறையில் சிலதில் மட்டும் ரவை, அதுதான் தோட்டா, போட்டு, சிலதில் சுட்டு முடிந்த வெற்றுக் கோதைப் போட்டு, சில்லைச் சுற்றிக் கொடுத்தார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று அவளுக்குத் தெரியாது. வெற்றுக் கோதில் சுத்தி விழுந்தபோது 'டிக்' என்று மட்டும் கேட்டது. ஒன்றுமே வெடிக்கவில்லை, ஆனால் குழாய் கோழி கொத்தினமாதிரிக் கீழே போய் வந்தது. கண்ணும் மூடித் திறந்தது. பிரிங்க்மான் ரிவோல்வரை வாங்கி மேசையில் வைத்தார். அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

அன்று மாலை அடுத்த வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியின் மூடியை அடித்துச் சாத்தியபோது அஞ்சலாவின் கையிலிருந்த கோப்பை நிலத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு வருசமாக நடக்காத ஒன்று. பழைய பயம் மணிக்கட்டு வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. அழுகை வந்தது, அழுதாள்.

"இஞ்சாருங்கோ, டிசம்பருக்கு முதல் இது சரிவராட்டி நான் ரிவோல்வரைத் திருப்பிக் குடுக்கிறன். வெடியைக் கண்டு பயந்து பயந்து சுட்டுக்கொண்டிருந்தால் இருக்கிற தைரியமும் போயிடும்" என்றாள்.

"குடுத்திட்டு?" என்றார் இராயப்பு.

"குடுத்திட்டு மெசினோட குளியலறைக்குப் போவம்."

பிரிங்க்மானிடம் போனாள். அவர் இரண்டே சொல்லில் முடித்தார். மருந்தை மாற்று. கையை மாற்ற ஏலாது, விதியையும் மாற்ற ஏலாது. அணிப்போட்டியில் மேக்னம் கோதுதான் போடவேண்டும். குண்டின் வேகம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கவும் கூடாது. அந்த எல்லைக்கு மேலே, கை தாங்குகிற அளவில், மெல்லிய ரவை ஒன்றை அவளே அடைத்துக்கொள்ளவேண்டும். அடைக்கிற அனுமதியும், வீட்டின் கீழே கெல்லர் என்கிற நிலவறையில் மேசையும் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. மிச்சம் ஒரு கேள்விதான்: எந்த வெடிமருந்து?

அந்தக் கேள்வியைச் சபையில் கேட்டதுதான் அவள் செய்த பிழை. தமிழ்க் கலியாணவீட்டில் நீரிழிவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள், அதே கூத்துத்தான். ஒருவர் பச்சை மூடி டப்பா என்றார், ஒருவர் அதைத் தொடவே கூடாது என்றார், இன்னொருவர் தன் மாமனார் நாற்பது வருசம் பாவித்த மருந்தைச் சொன்னார். அது இப்போது விற்பனையிலேயே இல்லை. பொருளாளர் ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அப்போது வாயில் வடை.

அஞ்சலா தன் பாட்டுக்கு யோசித்தாள். மெல்லிய அடி வேண்டுமென்றால் மெதுவாக எரிகிற மருந்துதானே? இப்போது போடுகிறதையே கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன? பிரிங்க்மான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தலைகீழ் என்றார். மெதுவாக எரிகிறதுதான் கடும் மருந்து. கோது நிறைய அடைத்து, அமுக்கம் ஏறினால்தான் அது ஒழுங்காக எரியும். அதைக் குறைத்துப் போடவே கூடாது என்று செய்தவனே தாளில் எழுதியிருக்கிறான். குறைத்தால் பாதி எரியும், பாதி எரியாது, குண்டு குழாயின் நடுவில் சிக்கி நின்றாலும் நிற்கும். அது தெரியாமல் அடுத்த வெடியை வைத்தால் ஆள் ஆஸ்பத்திரியில். மெல்லிய வெடிக்கு வேகமாக எரிகிறதுதான் வேண்டும். ஒரு சிட்டிகை போதும், சிக்கனம், அடி மெது, ஒரே கோதுக்குள் தவறி இரண்டுதரம் மட்டும் போட்டுவிடக்கூடாது. பிரிங்க்மானின் ஆசை அந்த மருந்தில்தான் இருந்தது. சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சலாவுக்கும் ஆசை வந்தது. யாழ்ப்பாணம், மன்னார் என்று வித்தியாசம் பார்க்காமல் நம்மாட்களைப் பிடிக்கிற சொல் அது.

இதையெல்லாம் இராயப்பு கேட்டு வைத்துக்கொண்டார். பிறகு வுப்பர்டாலில் இருக்கிற தன் தங்கை புருசன் பீலிக்ஸுக்குச் சொல்ல அவருக்கு நா அரித்தது. ரகசியம் தெரிந்த ஒரேயாள் பீலிக்ஸ்தான். ஒரு சனிக்கிழமை டோர்ட்முண்ட் போய்த் திரும்பும் ரயிலில் போன் எடுத்தார். கறுத்த மனிசன் ஒருவன் ஜெர்மன் ரயிலில் இருந்துகொண்டு துப்பாக்கி, ரிவோல்வர், மேக்னம் என்று கத்தினால் அடுத்த ஸ்டேசனில் பொலிஸ் ஏறும் என்ற அறிவு அவருக்கு இருந்தது. அதனால் அந்தச் சொற்களை எல்லாம் கவனமாகத் தவிர்த்தார். மருந்து என்று மட்டும் சொன்னார். வெடிமருந்துக்கும் நோய்க்குக் குடிக்கிற மருந்துக்கும் தமிழில் ஒரே சொல்தான் என்பது அந்த நேரம் அவருக்கு வசதியாகத்தான் பட்டது.

பின்சீட்டில் லூர்தம்மா அக்கா இருந்ததை அவர் காணவில்லை. லூர்தம்மா அக்கா ஹம் தமிழர் செபக்குழுவின் தலைவி. நல்ல மனுசி. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு முதல் இவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஓம் மச்சான், அஞ்சலாவுக்கு மருந்து மாத்த வேணுமாம்" என்றார் இராயப்பு. "இப்ப போடுறது கடும் மருந்து. அவவின்ரை உடம்பு தாங்குதில்லை… குறைச்சுப் போடவும் ஏலாதாம். குறைச்சால் நடுவில நிண்டிடுமாம். நிண்டால் ஆள் ஆஸ்பத்திரிதான்… சீ, டொக்டர் என்ன சொல்லுறது? சபையில ஒரு கிழவர் இருக்கிறார், அவர்தான் சொல்லுறார்… வேகமா வேலை செய்யிறது ஒண்டு இருக்காம், ஒரு சிட்டிகை காணுமாம். ஆனால் தவறி ரெண்டுதரம் போட்டால் முடிஞ்சுது கதை… டிசம்பர் வரைக்கும் பாப்பம் எண்டுறா. அதுக்குள்ள சரிவராட்டி எல்லாத்தையும் விட்டிட்டுப் போயிடுவன் எண்டு அழுகிறா மச்சான்."

லூர்தம்மா அக்கா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ரயில் ஹம்மில் நின்றபோது இராயப்பு இறங்கிப் போய்விட்டார். அக்கா மேடையில் நின்றபடியே போன் எடுக்கத் தொடங்கினார்.

அந்தக் கதைக்கு இரண்டே நாளில் கைகால் முளைத்தது. புற்றுநோய் என்ற சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, என்ன வருத்தம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டிசம்பர் என்று வைத்தியர் நாள் குறித்துவிட்டார் என்றார்கள். பாவம், வைத்தியரைக் கைவிட்டு யாரோ கிழவனின் சிட்டிகை மருந்தைச் சாப்பிடுகிறாள் என்றார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சபைக்குப் போனது இதற்காகத்தான் என்பது இப்போதுதான் விளங்கியது என்றும் சொன்னார்கள். விளங்கவே விளங்காத ஒன்றைப் பார்த்து இப்போதுதான் விளங்கியது என்று சொல்கிற சுகம் இருக்கிறதே, அதை அந்த வாரம் ஹம்மில் எல்லாரும் அனுபவித்தார்கள்.

அஞ்சலாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தமிழ்க் கடைக்காரர் தக்காளிக்குக் காசு வாங்க மறுத்தார். கோயிலில் ஆட்கள் அவளுக்கு இருக்கை விட்டு எழும்பினார்கள். வயசு போய்விட்டது போலிருக்கிறது என்று அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கெல்லரில் வேகமான மருந்தை முதல்முதலாக அடைத்துப் பார்த்தாள். கோதுகளை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தி, மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்து, புனல் வைத்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஊற்றினாள். மேக்னம் கோது ஆழமானது. அதற்குள் அந்தச் சிட்டிகை மருந்து, வாளிக்குள் ஒரு கரண்டி சீனி போட்டமாதிரி, அடியில் எங்கோ கிடந்தது. மருந்து அடைக்கும்போது போன் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது பிரிங்க்மானின் முதல் சட்டம். அஞ்சலா போனை மேசையில் வைத்திருந்தாள். இல்லத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டால் எடுக்கவேண்டுமே என்று. கூப்பிட்டது லூர்தம்மா அக்கா.

"பிள்ளை, சாப்பிட்டியோ? சத்தி கித்தி வருகுதோ?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"மறைக்காதை பிள்ளை. தலைமயிர் கொட்டுதோ?"

அஞ்சலா யோசித்தாள். "கொஞ்சம் கொட்டுது அக்கா. வயசுதானே."

மறுபக்கத்தில் விசும்பல் கேட்டது. அக்கா ஒரு மங்களவார்த்தை செபம் முழுவதையும் போனிலேயே சொல்லி முடித்துவிட்டு வைத்தார். ஒன்றும் விளங்காமல் அஞ்சலா தட்டுக்குத் திரும்பினாள். எந்தக் கோதுவரை ஊற்றினேன்? இதற்கு ஊற்றினேனா, இல்லையா? ஊற்றவில்லை என்று நினைத்து ஊற்றினாள். பிறகு மனம் கேட்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தாள். எல்லாக் கோதின் அடியிலும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது, எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. கடைசியாக ஊற்றியதைக் கொட்டி நிறுத்தாள். தராசு இரண்டு மடங்கு காட்டியது.

அந்தக் கோது கையோடு ரிவோல்வரையும் பிளந்திருக்கும். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு வாரமும் காலை, மதியம், இரவு என்று பெட்டிக்குள் குளிசை பிரித்து வைக்கிறவள் அவள். ஒரே ஆளுக்கு இரண்டுதரம் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் மற்றத் தாதியைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு பெட்டியும் மூடமாட்டாள். அப்படிப்பட்டவளே ஒரு போனுக்குள் இப்படிச் செய்துவிட்டாள். சிக்கனமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எல்லாக் கோதையும் கவிழ்த்துக் கொட்டினாள். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கிற மருந்து இருந்தால் சொல்லுங்கள் என்று பிரிங்க்மானிடம் போய் நின்றாள்.

அவர் முகத்தைச் சுளித்தார். ஒன்று இருக்கிறது என்றார். அவருக்குப் பிடிக்காத மருந்து. ஓட்ஸ் மாதிரிச் செதில் செதிலாக இருக்கும், ஊற்றுகிற மெசினுக்குள் சிக்கிக்கொள்ளும், ஒருநாளும் சீராக விழாது. வேகமும் நடுத்தரம், பெயரும் நடுத்தரம். ஆனால் நிறைக்கு மிஞ்சிய பருமன். சரியான அளவு போட்டாலே கோதில் பாதிக்கு மேல் ஏறி நிற்கும். அதையே இரண்டுதரம் ஊற்றினால் வழிந்து மேசையில் கொட்டும், குருடனுக்கும் தெரியும். எரிந்த பிறகு அழுக்கும் குறைவு, அடியும் மெது.

"மெசினில் சிக்குமே?" என்றார்.

"என்னிடம் மெசின் இல்லையே, நான் ஒவ்வொன்றாகத்தான் நிறுக்கிறேன்" என்றாள் அஞ்சலா.

பிரிங்க்மான் சிரித்துவிட்டார். டப்பாவும் அட்டவணையும் கைக்கு வந்தன. அட்டவணையில் சொன்ன அளவுக்கு வெளியே ஒரு நூலும் போகவில்லை. குறைந்த அளவில் தொடங்கி, சபையில் வேகமானியில் பார்த்து, எல்லைக்குச் சற்று மேலே கை சொல்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டாள். இம்முறை போன் மேல்மாடியில் இருந்தது, இராயப்புவின் பொறுப்பில்.

அதுதான் அடுத்த பிழை. போனில் அவளைப் பிடிக்க முடியாததால், ஒரு சனிக்கிழமை பின்னேரம் லூர்தம்மா அக்கா நேரில் வந்துவிட்டார். பின்னால் செபக்குழுவின் பாடகி டெல்சி, கையில் கோழிச் சூப்புப் பானை. கேவலாரில் மந்திரித்த மெழுகுதிரியும் வந்திருந்தது. கதவைத் திறந்த இராயப்பு வெலவெலத்துப்போனார்.

"அஞ்சலா எங்கை?"

"கீழ… கெல்லரில" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிசன், உண்மையையே சொன்னார். "ரவை செய்யிறா."

"ரவையோ!" அக்கா கொதித்துப்போனார். "வருத்தக்காரியை விட்டோ ரவை வறுப்பிக்கிறியள்? உங்களுக்கு நெஞ்சில ஈரம் இல்லையோ? அவவுக்கு ரவைக் கஞ்சி வேணுமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் காய்ச்சிக்கொண்டு வந்திருப்பனே!"

சத்தம் கேட்டு அஞ்சலா கெல்லரைப் பூட்டிக்கொண்டு மேலே வந்தாள். கண்ணில் பெரிய பாதுகாப்புக் கண்ணாடி, உடம்பில் பழைய தாதி மேலங்கி. அவளைக் கண்டதும் டெல்சிக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணும் போயிட்டுதோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஆருக்கு?"

"பிள்ளை, எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று லூர்தம்மா அக்கா அவளுடைய கையைப் பிடித்தார். "உன்ரை மனுசன் ரயிலில கதைச்சதை இந்தக் காதால கேட்டனான். அந்தக் கிழவன்ரை மருந்தை விடு. டொக்டரின்ரை மருந்தைப் போடு."

அஞ்சலா இராயப்புவைப் பார்த்தாள். இராயப்பு கூரையைப் பார்த்தார். தக்காளி, கோயில் இருக்கை, தலைமயிர் எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு வெட்டவெளிச்சமானது. சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, அது வெடிமருந்து" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சபை, சுரூபம், ரிவோல்வர், வேகமானது, செதிலானது எல்லாம். சொல்லி முடித்தபோது லூர்தம்மா அக்கா அவளுடைய கையை விட்டிருந்தார். முகம் இறுகியிருந்தது.

"உதுக்குப் பயந்தெல்லே நாங்கள் ஓடி வந்தனாங்கள்" என்றார். "உந்தச் சத்தத்தில எத்தினை சனத்தைக் குடுத்தனாங்கள். நீ அதைக் காசு குடுத்து வாங்கிச் சுடுறியோ?"

நியாயமான கேள்வி. அஞ்சலாவும் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஓம் அக்கா. பயத்திலதான் சுடுறன்" என்றாள். "நான் சுடுறது கடதாசியை. அங்கை சத்தம் என்னைக் கேட்டு வந்ததே? இஞ்சை நான் சொன்னால்தான் வரும். அப்பிடிப் பழகித்தான் ரெண்டு வருசமா வருசமுடிவில குளியலறைக்குள்ள போகாமல் இருந்தனான். இப்ப கை நோகத் தொடங்க, அது திரும்பி வந்திட்டுது அக்கா. அதுக்குத்தான் மருந்து மாத்தினது. வருத்தம் எனக்கு இருக்கு, நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை."

டெல்சி சூப்புப் பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இராயப்பு வாங்கி அடுப்பில் வைத்தார்.

"நான் வொஷிங் மெசினைப் போடுவன்" என்றார் லூர்தம்மா அக்கா திடீரென்று.

"என்னக்கா?"

"வருசமுடிவில. டிவியை உரத்துப் போட்டு, வொஷிங் மெசினையும் போட்டிட்டு அதோட சாய்ஞ்சுகொண்டு நிலத்தில இருப்பன். உடுப்பு இருக்காது. வெறும் மெசின்தான் சுத்தும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஊரின் வருத்தம் எல்லாவற்றையும் தலையில் தூக்கித் திரிந்த மனுசி தன் வருத்தத்தை ஒருவருக்கும் சொன்னதில்லை. அஞ்சலாவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடித்தாள். எல்லாருமாகச் சூப்புக் குடித்தார்கள். உப்புக் கொஞ்சம் கூட.

போகும்போது அக்கா வாசலில் நின்று, "உந்த மருந்து வேலை செய்யுதோ எண்டு ஆர் பாத்தது?" என்று கேட்டார்.

"வாற வெள்ளிக்கிழமை பிரிங்க்மான் பாப்பார்."

"நானும் வாறன்" என்றார். எதையும் நேரில் பார்க்காமல் பரப்பக்கூடாது என்று அந்த வாரம்தான் பாடம் படித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை செபஸ்தியார் சுரூபத்தின் முன்னால் லூர்தம்மா அக்கா முழங்காலில் நின்று முழுச் செபமாலையும் சொன்னார். பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்கள். அந்தச் சபையில் ஒருவர் அங்கே செபம் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். பிறகு அவருடைய காதில் பெரிய காதடைப்பு ஒன்றை மாட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருத்தினார்கள். அவர் இரண்டு கையாலும் காதடைப்பை இன்னும் அமுக்கிக்கொண்டார்.

பிரிங்க்மான் வழக்கம்போல அஞ்சலாவைத் திரும்பி நிற்கச் சொன்னார். சிலதில் செதில் மருந்து ரவை, சிலதில் வெற்றுக் கோது. சில்லைச் சுற்றிக் கொடுத்தார். அவள் எடுத்தாள், குறிபார்த்தாள், அழுத்தினாள். வெடித்தது. கை அதிர்ந்தது, ஆனால் அது தோளைத் தட்டிக் கூப்பிடுகிற அளவு அதிர்ச்சிதான். தடுப்புக்குப் பின்னால் அக்காவின் தோள் காதுவரை ஏறி மெல்ல இறங்கியது. இரண்டாவதும் வெடித்தது. பிரிங்க்மான் அட்டையைப் பார்க்கவில்லை. குழாயின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தடவை அழுத்தினாள்.

டிக்.

குழாய் அசையவில்லை. குறிபார்த்த இடத்திலேயே, வைத்தது வைத்தபடி நின்றது. அஞ்சலாவின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. பிரிங்க்மான் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

பின்னால் லூர்தம்மா அக்கா பதறிப்போய் எழும்பிவிட்டார். காதடைப்பு மாட்டியவர்கள் கத்துகிறமாதிரி, கூரை அதிரக் கத்தினார்.

"என்ன பிள்ளை, வெடிக்கேல்லை? மருந்து பிழைச்சுப் போச்சுதோ?"

அஞ்சலா ரிவோல்வரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"இல்லை அக்கா" என்று அவளும் கத்தினாள். "வருத்தம் மருந்துக்குக் கேட்டிட்டுது!"